மாப்பிள்ளைக்கு எப்படிப் பூட்டுவது

தை மாதத்தில் மழை பெய்தால் ஒரத்தநாட்டுப் பக்கம் இரண்டு பேருக்குத் தூக்கம் போய்விடும். நெல்லை அறுத்துப் போட்டவனுக்கு, கல்யாணம் வைத்தவனுக்கு. பகலவன் வீட்டில் சொந்த நெல்லும் இருந்தது, அடுத்தவர்கள் வைத்த கல்யாணங்களும் இருந்தன. நெல் கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய்க்கு அடியில் முறை வருமென்று கிடந்தது. கல்யாணங்கள் உரக்கடை மாடியில் இருந்த நிலா ஸ்டூடியோவில் எடிட்டிங்குக்காகக் கிடந்தன. நெல்லுக்குப் பகலவன் காவல், கல்யாணங்களுக்கு அவன் மனைவி தமிழ்நிலா காவல். புருஷன் பெண்டாட்டி நின்று நாலு வார்த்தை பேசிக்கொள்வதே டீ டம்ளரை வாங்கும்போதும் கொடுக்கும்போதும்தான்.

ஸ்டூடியோவுக்கு அவள் பெயரை வைத்தது பகலவன் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. அவன் அப்பா கோவிந்தராசு பண்ணை வேலைக்குப் போனவர், அம்மா தங்கம்மாள் ஊர் ஊராக நடவுக்குப் போனவள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தமிழ்நிலா தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படித்தவள். பகலவன் கேமராவைத் தூக்கினான், அவள் ஆல்பம் செய்தாள். பெண் வீட்டுக்காரர்கள் படி ஏறி வந்து, "நிலா அக்காதானே பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். பகலவனுக்கு அதில் வருத்தம் கிடையாது. பெருமை இருந்தது, வெளியே சொல்ல மாட்டான்.

சங்கடமெல்லாம் ஹார்டு டிஸ்குகளால் வந்தது. ஒரு பிஸ்கட் டின் நிறைய அவை கிடந்தன. மேலே பிளாஸ்திரி ஒட்டி எழுதிய பெயர்கள் கை வியர்வையில் அழிந்து, எது எந்த வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் போயிருந்தது. பெண்ணின் அம்மா எதிரே உட்கார்ந்திருக்க, தமிழ்நிலா ஒவ்வொன்றாகச் செருகிச் செருகித் தேடுவாள். அந்த நேரம் பார்த்துப் பகலவனுக்கு முக்கியமான போன் வந்துவிடும், மாடிப்படிக்குப் போய்விடுவான். அதனால்தான் பொங்கலுக்கு முன்னால் அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கினார்கள். எல்லா டிஸ்கும் அதற்குள் இருக்கும். யார் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அதே ஃபோல்டர்களைத் திறந்து வேலை பார்க்கலாம்.

தஞ்சாவூர்க் கடையிலிருந்து ராஜராஜன் என்பவன் வந்து மாட்டிக் கொடுத்தான். தங்கம்மாள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தவள், பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுச் சுவர் ஓரம் உட்கார்ந்தாள்.

"பத்தாயம் மாதிரி நெனச்சுக்குங்கக்கா," என்றான் ராஜராஜன். "நெல்லு ஒரே எடத்துலதான் கெடக்கும். ஆளாளுக்கு அவங்கவங்க லேப்டாப்புல தெரியறது அதோட கதவு. எந்தக் கதவு வழியா அள்ளுனாலும் பத்தாயத்துல கொறையும்."

"புரியுது," என்றாள் தமிழ்நிலா.

"சரி, யாருக்கு என்ன பர்மிஷன்னு சொல்லுங்க."

அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள். "ஒரிஜினல் வீடியோ கெடக்கற ஃபோல்டர்ல எனக்கும் அவருக்கும் எல்லாம் வேணும். கேமராக்காரங்க உள்ள போடலாம், பாக்கலாம். அழிக்க முடியக் கூடாது."

"அப்படித்தாங்க்கா போடணும்."

பகலவன் தலையைச் சொறிந்தான். "கேமராக்காரங்கன்னா... மாப்பிள்ளையும் அதுல வருவாருல்ல?"

மாப்பிள்ளை துரைராசு அப்போது அங்கே இல்லை. டீ குடிக்கக் கீழே போயிருந்தார். பகலவனின் தங்கை அறிவுமதியைக் கட்டியவர், சீர்காழிக்காரர். ட்ரோன் விடுவதில் கெட்டிக்காரர் என்பதால் இந்தத் தை முழுக்க மைத்துனனோடு வேலை செய்ய ஒப்புக்கொண்டு மனைவியோடு வந்திருந்தார்.

"வருவாரு. அதுக்கென்ன?" என்றாள் தமிழ்நிலா.

"அழிக்கப் போறப்ப 'உனக்கு அனுமதி இல்லை'ன்னு அவரு மொகத்துல வந்து நிக்குமா?" என்று ராஜராஜனிடம் கேட்டான்.

"நிக்கும்ண்ணே."

"அப்ப வேணாம்ப்பா. அவருக்கும் எல்லாம் தெறந்து உட்டுடு."

"ஏங்க, இது மரியாதை விஷயமே இல்லீங்க," என்றாள் தமிழ்நிலா. "கை தவறிடக் கூடாதுங்கறதுக்குத்தான்."

தங்கம்மாள் சுவர் ஓரத்திலிருந்து பேசினாள். "நிலா, ஒனக்கு வெவரம் தெரியும், இல்லேங்கல. ஆனா வந்த மாப்பிள்ளைக்குப் பூட்டுப் போட்ட வீடுன்னு பேரு வாங்கணுமா? போன வருஷம் பட்டது போதும்மா."

போன வருஷம் என்றால் வீட்டில் நடந்த காதுகுத்துக்கு அடித்த பத்திரிகை. அதில் துரைராசுவின் பெயரைப் பெரியப்பா மருமகனுக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அவர் சத்தம் போடவில்லை, மொய்யும் எழுதினார், சாப்பிட்டார், போனார். அதோடு அறிவுமதியை ஒரு வருஷம் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. கோவிந்தராசுவின் நினைவு நாளுக்குக்கூட மகள் இல்லாமல்தான் படையல் போட்டார்கள். தங்கம்மாள் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்ததைத் தமிழ்நிலா பார்த்திருக்கிறாள். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

ராஜராஜன் இன்னொன்றும் கேட்டான். "அழிச்சாலும் கொஞ்ச நாளு ஒரு குப்பைத்தொட்டியில கெடக்கற மாதிரி வைக்கலாம். வைக்கவா?"

"எடம் அடைக்குமா?"

"கொஞ்சம் அடைக்கும்."

"அழிச்சத எதுக்குப்பா சேத்து வெக்கணும்? வேணாம்," என்றான் பகலவன். நெல்லை மழைக்கு முன் எடை போட்டுவிட வேண்டும் என்ற ஒரே கவலையில் இருந்த மனுஷன். அவன் கண் அப்போது சன்னலுக்கு வெளியே மேகத்தில் இருந்தது.

முகூர்த்தங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை தாலி, அங்கிருந்து நேராக அடுத்த ஊர் மண்டபம். மெமரி கார்டில் இருப்பதைப் பெட்டியில் இறக்குவார்கள், கார்டைத் துடைத்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போவார்கள். பெட்டி இருக்கிற தைரியம். பகலவன் கல்யாண வேட்டியோடு கொள்முதல் நிலையத்துக்கு ஓடுவான். நெல்லில் ஈரம் கூட என்று திருப்பிவிடுவார்கள். வெயில் வந்ததும் தார்ப்பாயை விலக்கி, காலால் கிளறி, தூறல் விழுந்ததும் மறுபடி மூடி, அப்படியே வந்து கேமராவைத் தூக்குவான். தமிழ்நிலா ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, முதுகில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, யாரோ பெண்களின் முகப்பருவையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாடு ஸ்டூடியோவிலேயே. படம் எடுக்கும் அறையில், அருவி வரைந்த திரைக்குக் கீழே வட்டமாக உட்காருவார்கள். மாப்பிள்ளை இருப்பதால் தங்கம்மாள் விரால் மீன் குழம்பு, நாட்டுக்கோழி என்று வைத்துக் கேரியரில் கொண்டுவருவாள். அறிவுமதி பரிமாறுவாள்.

துரைராசுவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வேலைக்கு அஞ்ச மாட்டார், ஒரு இடத்தில் சும்மா இருக்க மாட்டார், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஒரு மதியம் மீன் முள்ளை எடுத்தபடியே சொன்னார், "மச்சான், என் லேப்டாப்பு இப்ப எப்படி ஓடுது தெரியுமா? நெறஞ்சு போயி எருமை மாதிரி படுத்துக் கெடந்துச்சு. உள்ள போய்ப் பாத்தா அந்த வடக்கூர்க் கல்யாணம் மொத்தமா கெடக்கு. அதான் பெட்டியில இருக்கே, என்னுதுல எதுக்குன்னு நேத்து தூக்கிட்டேன்."

தமிழ்நிலாவின் கை சோற்றிலேயே நின்றது. அவர் லேப்டாப்பில் எந்தக் கல்யாணமும் கிடையாது. அங்கே தெரிந்தது கதவுதான்.

எழுந்து போய்ப் பார்த்தாள். எல்லாக் கல்யாணமும் இருந்தது. வடக்கூர் மட்டும் இல்லை. கார்டுகளைத் துடைத்து மூன்று முகூர்த்தம் எடுத்தாகிவிட்டது. அவளுடைய கம்ப்யூட்டரில் வரவேற்புப் படங்கள் கொஞ்சம் இருந்தன, மாதிரி காட்டுவதற்காக எடுத்து வைத்தவை. தாலி கட்டியது இல்லை, தாரை வார்த்தது இல்லை, பெண் அழுதது இல்லை. அவள் திரும்பி வந்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் துரைராசு படம் எடுக்கப் போயிருந்த நேரத்தில் ராஜராஜன் வந்து பெட்டியை வைத்துக்கொண்டு பாதி நாள் போராடினான்.

"அழிச்ச எடத்து மேலேயே புதுசு புதுசா இறக்கியிருக்கீங்கக்கா," என்றான். "வராது."

கொள்முதல் நிலையத்தில், தார்ப்பாயை விலக்கிய நெல்லுக்குப் பக்கத்தில் நின்று பகலவன், தமிழ்நிலா, தங்கம்மாள் மூன்று பேரும் பேசினார்கள். ஈர நெல்லிலிருந்து புளித்த வாடை வந்தது. தங்கம்மாள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"துரைராசு அண்ணன்கிட்ட சொல்லித்தான் ஆவணும்," என்றாள் தமிழ்நிலா. "தெரியாம செஞ்சதுதானே. சொன்னா புரிஞ்சுக்குவாரு."

"பத்திரிகையில பேரு மாறுனதும் தெரியாம நடந்ததுதான்," என்றான் பகலவன். "புரிஞ்சுக்கிட்டாரா?"

"அப்ப வடக்கூருல என்ன சொல்றது? பேய் வந்து அழிச்சுதுன்னா?"

பகலவன் நெல்லைக் கையில் அள்ளி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தான். ஈரம் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "ஒன் கை தவறிடுச்சுன்னு சொல்லிடு நிலா. பொம்பள தப்புன்னா ரொம்ப பேச மாட்டாங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

தமிழ்நிலா மாமியாரைப் பார்த்தாள். தங்கம்மாள் கிளறுவதை நிறுத்தவில்லை. "எம் பொண்ணு வாழ்க்கைம்மா," என்று மட்டும் சொன்னாள்.

தமிழ்நிலாவுக்குக் கோபம் வந்தது. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும், அது இல்லை. சரி என்றாள்.

வடக்கூரில் பெண்ணின் அப்பா சாமிதுரை வீட்டு வாசலில் கல்யாணப் பந்தலின் குழிகள்கூட இன்னும் மூடாமல் கிடந்தன. சாமிதுரை வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வள்ளியம்மை ஆல்பம் பற்றிப் பேச வந்தார்கள் என்று நினைத்து, பொங்கல் பலகாரத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

தமிழ்நிலா சொன்னாள். சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள். "என் கை தவறிடுச்சுங்க."

வள்ளியம்மைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒன்றையேதான் கேட்டாள். "தாலி கட்டுனதாச்சும் இருக்குமில்ல?"

"இல்லம்மா."

"அது ஒண்ணாச்சும்?"

"இல்லம்மா."

வள்ளியம்மை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாமிதுரை துண்டால் கால் துடைத்து முடித்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காசு பேச வரல நான்," என்றார். "ஒங்க பேரச் சொல்லித்தானம்மா நாலு வீட்டுல ஆர்டர் எடுத்துக் கொடுத்தேன். நிலாகிட்ட குடு, கண்ண மூடிக்கிட்டுக் குடுன்னேன். இனிமே யாராச்சும் கேட்டா என்னத்தச் சொல்றது?" பிறகு பகலவனைப் பார்த்தார். "ஒன்னயும் சொல்லணும். அடுத்தவன் வீட்டு நல்லது பொல்லதையெல்லாம் பொம்பளகிட்ட உட்டுட்டு நீ ஊரச் சுத்துனா இப்படித்தான் ஆவும்."

பக்கத்தில் நிற்கிறேன் என்று சொன்ன பகலவன் நின்றான். நின்றதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. "ஆமாங்க," என்றான்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் தமிழ்நிலா ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவன் தோளைப் பிடிக்கவில்லை. சேற்று வயலில் அறுப்பு மெஷின் சிக்கி, இரண்டு பேர் வைக்கோலை அள்ளிப் போட்டு மேலேற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு டீ குடிப்பமா?" என்றான் பகலவன்.

"வேணாம்."

அவர்கள் மாடி ஏறியபோது சாப்பாட்டு நேரம். கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு, கருவாட்டு வறுவல். அறிவுமதி தட்டுகளை வைத்தாள். துரைராசுவுக்கும் அதற்குள் சேதி தெரிந்திருந்தது. சொன்னது மாமியார். எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லியிருந்தாள்.

"வருத்தப்படாத தங்கச்சி," என்றார் அவர், உண்மையான பரிவோடு. "எல்லாருக்கும் கை தவறும். எத்தன நாளா ஒத்த ஆளா உக்காந்து பாக்கற, அசதிதான். ஒண்ணு செய்வோம் மச்சான். இனிமே அந்தப் பெட்டிய நான் பாத்துக்கறேன். அழிக்கறது, எடம் மாத்தறதெல்லாம் என் கையில இருக்கட்டும். தங்கச்சி தெறந்து பாக்கட்டும், ஆல்பம் பண்ணட்டும், அது போதும். மத்ததுல கை வெக்காம இருக்கற மாதிரி பண்ணிப்புடலாம்."

தங்கம்மாள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி மகனைப் பார்த்தாள். பகலவன் சோற்றில் குழி பறித்தான்.

"சரிங்க மாப்ள. நீங்க சொன்னா சரிதான்," என்றான்.

சாமிதுரை சொன்னதைக்கூடத் தமிழ்நிலா தாங்கிக்கொண்டாள். இந்தச் 'சரிங்க'வைத் தாங்க முடியவில்லை. சோற்றில் கை வைக்காமலே எழுந்து, தன் கம்ப்யூட்டருக்குப் போனாள். புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, கொள்முதல் நிலையத்து நெல்லைப் பகலவன் எடுத்து அனுப்பியிருந்த படங்களை அதில் வைத்தாள்.

"அண்ணே, ஒங்க லேப்டாப்ப எடுத்துக்கிட்டு இப்படி வாங்க."

"சாப்புட்டு வர்றேனே."

"இப்பவே வாங்கண்ணே. ஒரு நிமிஷம்."

அவர் இடது கையால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல நெல்லுப் படம் தெரியுதா?" என்றாள். "தெரியுது." "ஒங்களுதுல வேணாம், அழிச்சுடுங்க." அழித்தார். அழித்துவிட்டு, அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். அவளுடைய திரையில் ஃபோல்டர் காலியாக இருந்தது.

அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இன்னொரு தடவ போடு."

போட்டாள். அழித்தார். போனது. வலது கையில் ஒட்டியிருந்த சோறு காய ஆரம்பித்திருந்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறுங்க மாப்ள," என்றான் பகலவன் அவசரமாக. "சில நேரம் அப்படித்தான் காட்டும்."

"சாப்புடற நேரத்துல என்ன நிலா இது?" என்றாள் தங்கம்மாள்.

துரைராசு தன் மனைவியின் பக்கம் திரும்பினார். "என்ன மதி இது? எனக்கு ஒண்ணும் புரியல."

அறிவுமதி சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள். "புரிஞ்சிருக்கும் ஒங்களுக்கு. வடக்கூர்க் கல்யாணத்த அழிச்சது அண்ணி இல்லீங்க. நீங்க."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னிக்கு மீனு பரிமாறுனது நாந்தானே. லேப்டாப்பு நல்லா ஓடுதுன்னு நீங்க சொன்னப்ப அண்ணி மொகத்தப் பாத்தேன். பாத்துட்டு நானும் சும்மாத்தான் இருந்தேன்."

துரைராசு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அப்ப எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, நான் இவ்வளவு நேரம் பேசுனத உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க." அவர் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் இருந்தது. கை கழுவினார், ட்ரோன் பையைத் தோளில் மாட்டினார், இறங்கிப் போனார். தங்கம்மாள், "தம்பி, தம்பி," என்று படிவரை ஓடினாள். கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

தங்கம்மாள் திரும்பி வந்து மகளைப் பார்த்தாள். "என்னடி பண்ணிட்ட? ஒனக்காகத்தானேடி நாங்க இத்தனையும்."

"எனக்காகத்தான்னு தெரியும்மா. போன வருஷம் நான் அங்க உக்காந்து அழுதேன். இந்த வருஷம் எனக்குப் பதிலா அண்ணிய அழ வெச்சிருக்கீங்க. அப்படி ஒரு பொழப்பு எனக்கு வேணாம். அவரு வருவாரு, வராம போவாரு, அது என் பாடு." பிறகு அண்ணனிடம் கை நீட்டினாள். "அந்த வடக்கூரு நம்பரப் போடுண்ணே."

பகலவன் போட்டான். போட்டுவிட்டுத் தானே பேச ஆரம்பித்தான். "அய்யா, பகலவன் பேசறேங்க. ஒரு சின்ன வெவரம். யாரு தப்புன்னு இல்லீங்க, மெஷினுன்னா அப்படித்தான்..."

அறிவுமதி போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். "அய்யா, நான் அவரு தங்கச்சி. ஒங்க வீட்டுக் கல்யாணத்த அழிச்சது எங்க அண்ணி இல்லீங்க. என் வீட்டுக்காரரு. தெரியாமத்தான் செஞ்சாரு. அதச் சொல்லத்தான் போட்டேன்." அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டாள். "இருக்காங்க," என்று போனைத் தமிழ்நிலாவிடம் நீட்டினாள்.

"ஏம்மா," என்றார் சாமிதுரை. "நான் அவ்வளவு பேசுனேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாங்க," என்றாள் தமிழ்நிலா. வடக்கூரில் வராத அழுகை, வண்டியில் வராத அழுகை, எல்லாம் சேர்ந்து அப்போது வந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் அவர், "அம்மா, அம்மா," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பகலவன் எழுந்து வந்தான். கை கழுவாமலே வந்தான். அவள் காதோரத்திலிருந்து போனை எடுத்துத் தன் காதில் வைத்தான்.

"அய்யா, பகலவன்தாங்க," என்றான். "அவ உண்மையச் சொல்லணும்னுதான் சொன்னா. வேணாம், ஒன் தப்புன்னு சொல்லுன்னு சொன்னது நாங்க. நான்தான்."